குறைய மறுத்த கோடு

என் அண்ணி மயக்க மருந்து டாக்டர். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன்; வீடு வேங்கிக்காலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணி கேட்டார்.

"ஊசி போட்ட மருந்து உடம்புல எவ்வளவு நேரத்துல எவ்வளவு குறையுதுன்னு கோடு போட்டுக் காட்ற மாதிரி ஏதாச்சும் செஞ்சு தர்றியா? எனக்குக் கூடுதலா ஒரு கண்ணு மாதிரி இருக்கும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இருப்பதில் ஒரு பங்கு குறையும், மிச்சத்தில் மறுபடி அதே பங்கு குறையும். ஆண்டுதோறும் கரும்பலகையில் நான் வரையும் வளைகோடுதான் அது. ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் அதற்கென்றே எக்ஸ்ப் என்று ஒரு சார்பு உண்டு. ஒவ்வொரு நிமிடத்துக்கும் அதைக் கூப்பிட்டு, வரும் எண்ணால் மிச்ச மருந்தைப் பெருக்கினால் போதும். இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே ஓடியது.

அதோடு விட்டிருக்கலாம். இன்னும் துல்லியமாக்குகிறேன் என்று நிமிடத்தை எடுத்துவிட்டு, ஒரு விநாடியைப் பத்தாயிரம் கூறாக்கினேன். சீக்கிரம் குறையும் ஒரு மருந்தை வைத்துச் சோதித்தேன். வளைகோடு அழகாக இறங்கியது. புதியதை அண்ணியின் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பௌர்ணமி, கல்லூரி விடுமுறை. அடுத்த வகுப்பில் மாணவர்களுக்குக் காட்ட நினைத்து, மதியம் வீட்டில் மெதுவாகக் குறையும் வலி மருந்து ஒன்றின் எண்ணைப் போட்டு ஓட்டினேன். கோடு இறங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு நேர்கோடாகக் கிடந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து எக்ஸ்ப் தரும் எண்ணை மட்டும் அச்சிட்டுப் பார்த்தேன். ஒன்று. சரியாக ஒன்று.

அப்போதுதான் புரிந்தது. எல்லா எண்ணையும் ஏழு இலக்கம்தான் தாங்கும் சாதாரண வகையில் அறிவித்திருந்தேன். எக்ஸ்ப்புக்கு எந்த வகை எண்ணைக் கொடுக்கிறோமோ அதே வகையில்தான் விடை வரும். விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் குறைவது அவ்வளவு சிறியது. அதை எழுத இடமில்லாமல் ஒன்று என்று முழுசாக்கிவிட்டது. ஒன்றால் லட்சம் தடவை பெருக்கினாலும் எது குறையும்?

வெளியேறிவிட்ட மருந்தை இன்னும் உடம்பில் இருக்கிறது என்று என் நிரல் சொல்லும். அதை நம்பினால் அடுத்த ஊசி தள்ளிப்போகும். வயிற்றைக் கிழித்துப் போட்டிருக்கும்போது ஒரு ஆளுக்கு வலி தெரியத் தொடங்கும்.

அண்ணிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பறைக்குப் போட்டேன்.

"டாக்டர் தியேட்டர்ல இருக்காங்க மேடம். வீட்டு விஷயமா?"

"லேப்டாப்ல வர்ற கோட்டைப் பார்க்க வேணாம்னு சொல்லுங்க. உடனே சொல்லணும்."

"என்ன கோடு மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

ஆட்டோ பிடித்தேன். கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதி வழியிலேயே தடுப்பு போட்டிருந்தார்கள். இறங்கி ஓடினேன். எதிரே குடும்பம் குடும்பமாக வெறுங்காலுடன் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மா என் தோளைப் பிடித்து, "பார்த்துப் போம்மா" என்றார். ஒருவர் வலியில் கிடக்கிறார், தசைகளைக் கட்டிப்போடும் மருந்தால் கத்தவும் முடியவில்லை என்பதைத் தவிர மனசில் வேறு எதுவும் இல்லை.

தியேட்டருக்கு வெளியே நர்ஸம்மா உள்ளே விடவில்லை. ஒரு துண்டுத்தாளில் 'கணக்கு தப்பு, மருந்து குறைஞ்சிருக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார முடியாமல் சுவரோரமாக நின்றேன்.

அரை மணி கழித்து அண்ணி வந்தார். முகக்கவசத்தைக் கழற்றாமலே பேசினார்.

"உன் சீட்டு வர்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். நாடி ஏறுச்சு. கண்ணோரம் தண்ணி. மருந்து போட்டுட்டேன்."

"உடனே போட்டீங்களா அண்ணி?"

அவரும் சுவரில் சாய்ந்தார்.

"ரெண்டு நிமிஷம் யோசிச்சேன். உன் கோடு இன்னும் ஜாஸ்தியா இருக்குன்னு காட்டுச்சு. அதான்."

மறுநாள் அந்த நோயாளியைப் பார்க்க இருவரும் போனோம். அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருப்பவர், பித்தப்பைக் கல்லுக்காக வந்தவர். தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி அவர் கட்டிலருகே உட்கார்ந்து, ஆபரேஷன் நடுவில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

"வலி எதுவும் இல்லீங்க டாக்டர். தட்டு கீழ விழுந்த சத்தம் மட்டும் கேட்டுது. கனவா இருக்கும்."

அண்ணியின் விரல்கள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தன. தட்டு ஒன்று உண்மையிலேயே விழுந்திருந்தது.

"கனவு இல்லீங்க" என்றார் அண்ணி. "கொஞ்ச நேரம் உங்களுக்கு மருந்து கம்மியாயிடுச்சு. நான் ஒரு கணக்கைப் பார்த்துத் தாமதிச்சிட்டேன். தப்பு என்னுது."

"கணக்கு நான் எழுதினதுங்க" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் வந்தது பயம். கஞ்சி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்போ இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா?"



அண்ணி நடந்ததை நோயாளியின் கோப்பில் எழுதினார், தலைமை டாக்டரிடமும் சொன்னார். அன்றே லேப்டாப்பிலிருந்து நிரலை அழித்தார். பிறகு நான் எல்லா எண்ணையும் இரட்டைத் துல்லிய வகைக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தேன். கோடு சரியாக இறங்கியது. திருத்தியதைத் தரட்டுமா என்று அண்ணியிடம் நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து டீக்கடைக்காரர் கடையைத் திறந்துவிட்டதாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று ஒரு டீ குடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதுவரை நின்றதில்லை.