கொட்டகைப் பூதத்தின் குரல்

தம்பி மகன் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். எரிமலைக்குள்ளிருந்து கொம்பு முளைத்த அரக்கன் ஒருவன் எழுந்து கர்ஜித்தான். "பயமா இருக்கா அத்தை?" என்றான் பையன். நான் காதைத் தீட்டிக்கொண்டு மிச்சத்துக்காகக் காத்திருந்தேன்.

எழுபதுகளில் வில்லியனூர் டூரிங் கொட்டகைக்கு ஒரு பூதப் படம் வந்தது. அந்த வாரம் முழுக்க அப்பா, மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி என்று சாயங்காலமானால் கிளம்பிவிடுவார். "திருநாளா பெருநாளா, தெனமும் இன்னா பாட்டு?" என்பாள் அம்மா. திரும்பி வந்ததும், தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவர் வாயை முகர்ந்து பார்ப்பாள். சாராய வாடை இருக்காது. அதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. "சினிமாவுல குந்திக்கினு இருப்பாரு, வாடி" என்று கொட்டகைக்குள் நுழைந்தாள். மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாகத் தேடினோம். அப்பா இல்லை.

படச்சுருள் தேய்ந்து வசனமெல்லாம் கரகரத்தது. பூதம் வாயைத் திறந்தபோது மட்டும், திரைக்குப் பின்னாலிருந்து குரல் கணீரென்று வந்தது. கூட்டம் அலறியது. கர்ஜித்து முடித்த பூதம் இருமியது. தினமும் காலையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கேட்கிற இருமல்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "வாயத் தொறக்காத."

அப்பா வீட்டுக்கு வந்ததும் மிளகுக் கஷாயத்தை நீட்டினாள். "மாதா கோயில்ல பாடுற தொண்ட. நாளைக்குக் கொஞ்சம் மெதுவா கத்துங்க." பூதத்தைப் பார்த்தவர்போல் நின்றார் அப்பா.

கைபேசி அரக்கன் மறுபடியும் கர்ஜித்தான். இருமவே இல்லை. இவனை நம்ப எனக்கு மனம் வரவில்லை.