டெல்மா ரோவனுக்கு ரோஸி கொடுத்த குரல்

கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை. ஆனால் ரோஸியின் கழுத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் இதைக் கதை என்று சொல்வதில்லை. ராத்திரியில் நடந்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருமுனைக் கடையில் பிரியாணி அண்டாவைத் திறந்துகொண்டிருந்த நேரம்.

ரோஸிக்கு வீடு திருநின்றவூர், தொழில் டப்பிங். வேற்று மொழிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது. பல வருஷமாக அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் கத்துகிறவள், நர்ஸ், கொலையாகிறவள். அதிலும் கொலையாகிறவள் என்றால் ரோஸியைத்தான் கூப்பிடுவார்கள். தொண்டையில் மூச்சை அடைத்து அவள் திணறினால் கேட்கிறவர்களுக்கு வியர்க்கும். அவள் புருஷன் ஜாக்சனுக்கு ஆவடியில் ஃபேக்டரி வேலை. "எம் பொண்டாட்டி வாரத்துக்கு நாலு தடவ சாவுறா. ஒரு தடவகூட எனக்கு லீவு தரல" என்று ஷிஃப்டில் சொல்லிச் சிரிப்பான்.

அப்படிப்பட்டவளுக்கு முதல் முறையாகக் கதாநாயகி வேடம் வந்தது. இது நன்றாக அமைந்துவிட்டால் இனிமேல் சாக வேண்டியதில்லை. ரோஸி ஒரு வாரம் ஐஸ் தண்ணீர் தொடவில்லை.

கதாநாயகி பெயர் டெல்மா ரோவன். எழுபது வருஷத்துக்கு முந்தின பிரிட்டிஷ் நடிகை. படத்தோடு வந்த குறிப்பை ரோஸி மின்சார ரயிலிலேயே படித்துவிட்டாள். ரொட்டிக்கடைக்காரர் மகள். பதினாறு வயதில் அழகிப் போட்டி. சினிமாக்காரர்கள் அவள் முடியை வெள்ளிக் கம்பி மாதிரி வெளுத்தார்கள், பெயரையும் மாற்றினார்கள். அப்புறம் வெள்ளைக் கார், நீச்சல்குளம், ரோமக் கோட்டு. காரிலிருந்து அவள் காலை வெளியே வைத்தால் கூட்டத்தைப் போலீஸ் பிடித்துத் தள்ள வேண்டும். எந்தப் படம், எந்த உடை, யாரோடு சிரிக்கலாம் என்பதையெல்லாம் அவள் புருஷன் முடிவு செய்தான். எல்லாப் படத்திலும் கழுத்தை மூடின காலர், இல்லாவிட்டால் கழுத்தை ஒட்டின முத்துப் பட்டை. லண்டன் பெண்கள் அதை ஃபேஷன் என்று நினைத்துத் தாங்களும் போட்டுக்கொண்டார்கள். காலருக்குக் கீழே என்ன இருந்தது என்பது மேக்கப் போட்டவளுக்குத்தான் தெரியும்.

ஸ்டுடியோ மண்ணூர்பேட்டையில், தகடு அடிக்கிற கம்பெனிக்கு மேல் மாடி. வார நாளில் பிரஸ் இறங்கும்போது தரையே குலுங்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் ரெக்கார்டிங். ரோஸி சர்ச் முடிந்து நேராக வந்தாள். சவுண்ட் என்ஜினீயர் கஜபதி மட்டும் இருந்தான்.

"இன்னாக்கா, இன்னிக்கு ஈரோயினா? நடையே வேறயா கீதே."

"வாய மூடிக்கிட்டு படத்தப் போடு, கஜா."

அங்கே ஒரு சட்டம் உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தால், குரல் கொடுக்கிறவர் நிற்கிற பூத்தின் கதவை யாரும் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் அழுதாலும் சரி, அலறினாலும் சரி. அழுவதும் அலறுவதும்தானே வேலை. பூத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிற என்ஜினீயர் பார்ப்பதும் பேசுகிறவரை அல்ல, திரையில் இருக்கிற உதட்டை. உதடும் குரலும் ஒட்டுகிறதா என்று.

முதல் ஒரு மணி நேரம் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி போனது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. டெல்மா சிரிக்கிற இடத்தில் ரோஸி சிரித்து நிறுத்தினாள். ஹெட்ஃபோனில் சிரிப்பு நிற்கவில்லை... கொஞ்சம் கழித்துத்தான் நின்றது.

"எக்கோ வருது கஜா."

"ஒண்ணும் இல்லியேக்கா. சுத்தமா கீது."

அடுத்தது, டெல்மா நிலைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிற காட்சி. தனியாக இருக்கிறாள். பின்னால் இசை மட்டும். ஆனால் அவள் உதடு அசைகிறது. கண்ணாடியைப் பார்த்து அல்ல. நேராக வெளியே பார்த்து.

"பேப்பர்ல டயலாக் இல்லக்கா. ஆனா லிப்பு போவுது. காலியா வுட முடியாது, எதுனா போட்டு நெரப்பு."

இது டப்பிங்கில் தினமும் நடப்பது. ரோஸி உதட்டின் நீளத்தைப் பார்த்தாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இன்னும் ஏன் அங்கேயே நிக்கிற? உள்ளே வா."

முதல் டேக்கிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு இழை பிசகவில்லை.

திரையில் டெல்மாவுக்குப் பின்னால் கதவு திறந்தது. கறுப்புத் தோல் கையுறை போட்ட இரண்டு கைகள். முகம் தெரியவில்லை.

ரோஸிக்குப் பின்னாலும் ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். பூத் கதவின் ரப்பர் விடுபடுகிற சத்தம்.

திரும்பினாள். கதவு மூடியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கைகள் டெல்மாவின் கழுத்தில் விழுந்தன. ரோஸி திணறுவதற்காக மூச்சை இழுத்தாள்.

மூச்சு பாதியில் நின்றது.

அவள் நிறுத்தவில்லை.

கழுத்தில் ஏதோ ஜில்லென்று இறுகியது. பதப்படுத்தின தோலின் வாசனை. இரண்டு கட்டை விரல்கள் குரல்வளையில் அழுந்தின... கைவைத்துப் பிடுங்கப் பார்த்தாள். பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. அவள் தோல்தான் அவள் நகத்தில் வந்தது. கண்ணாடிச் சுவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கஜபதி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஷாட் முடிந்தது. பிடி விட்டது.

"செம்மக்கா. சாவுன்னா நீதான்." ஹெட்ஃபோனில் அவன் குரல். "கடைசி மூச்சு மட்டும் லிப்புக்கு முன்னால ஓடிட்ச்சு. ஒன் மோர்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கதவுப் பக்கம் திரும்புவதற்குள் படம் திரும்ப ஓடியது. கதவு. கைகள்.

இந்தத் தடவை தரையிலிருந்து கால் எழும்பியது. தலையைப் பிடித்துச் சுவரில் அடித்தது. சுவரில் பஞ்சு ஒட்டியிருந்ததால் சத்தமே வரவில்லை. மறுபடி அடித்தது. மூக்கிலிருந்து சூடாக ஒழுகி உதட்டில் உப்புக் கரித்தது. மறுபடி.

திரையில் டெல்மா தன்னைக் கொல்கிறவனைப் பார்க்கவில்லை.

ரோஸியின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"கிட்ட வந்துட்ட. லாஸ்ட்டா ஒன் மோர்க்கா."

கதவு...

கைகள்...

எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு 'க்ளக்'. அவள் கழுத்துக்குள்ளிருந்து.

கண் இருட்டியது. கைக்கு மைக்கின் இரும்பு ஸ்டாண்டு தட்டுப்பட்டது. பிடித்தாள். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எதிரே இருந்த திரைமேல் வீசினாள்.

படார்.

இருட்டு.

பிடி விட்டது.

கதவை மோதித் திறந்து கஜபதியின் காலடியில் விழுந்தாள். அவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். "யக்கா... இன்னாக்கா இது..." என்று குனிந்து அவளைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் முதலில் கஜபதியை, அப்புறம் ஜாக்சனைத் தனியாக நிற்க வைத்து அரை நாள் விசாரித்தார்கள். கழுத்தில் அப்படி ஒரு அடையாளம் இருந்தால் புருஷனைத்தானே விசாரிப்பார்கள். பத்து விரலும் பதிந்திருந்தது. ஆனால் இருவர் கையையும்விட அந்த விரல்கள் நீளம். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டார்.

குரல்வளை எலும்பில் விரிசல் விட்டிருந்தது. ரோஸிக்குக் குரல் திரும்பி வர மாதங்கள் ஆயின. வந்ததும் பழைய குரல் இல்லை. மணல் கொட்டினது போன்ற ஒரு கரகரப்பு. கதாநாயகி வேடத்தை நூம்பலிலிருந்து கிருஷ்ணப்பிரியா என்ற பெண் வந்து பேசி முடித்தாள். ரோஸியை இப்போது கிழவிகளுக்குக் கூப்பிடுகிறார்கள்.

கிருஷ்ணப்பிரியாவுக்கு அந்தக் கொலைக் காட்சியைப் பேசும் வேலை இருக்கவில்லை. கஜபதி மறுநாள் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து தேடியபோது, நிலைக்கண்ணாடிக் காட்சி முடிந்ததும் படம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கையுறையும் இல்லை, கதவும் இல்லை. ரோஸியின் குரல் பதிவு மட்டும் இருந்தது. மூன்று டேக். மூன்றாவதில் திரை உடைகிற சத்தம் கேட்கிறது, கதவு மோதுகிறது. ரோஸி வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகும் பூத்துக்குள் ஒரு பெண் திணறுகிற சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

படத்தை விற்ற லண்டன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். ரோஸிக்குக் குரல் வந்த பிறகுதான் ஜாக்சன் அந்தப் பதிலை அவளிடம் காட்டினான்.

அந்தக் காட்சி எடுக்கப்படவே இல்லையாம். எடுப்பதாக இருந்த அன்றைக்குக் காலையில், மேக்கப் அறையில், டெல்மா கழுத்து நெரிபட்டுக் கிடந்தாள். செய்தவன் அகப்படவில்லை. அவள் திணறுகிற சத்தம் விட்டுவிட்டு மூன்று தடவை கேட்டதாக வெளியே நின்றிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

காட்சிக்கு ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்து யாரும் கதவைத் திறக்கவில்லை.