பொட்டு வைத்த வால்வு

அரியாங்குப்பத்தில் இருக்கும் நானும் என் கணவரும் ஸ்கூபா டைவிங் செய்பவர்கள். ஆழத்துக்குப் போகும்போது முதுகில் இரட்டை சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனி மவுத்பீஸ். இரண்டையும் இணைக்கும் குழாயின் நடுவில் ஒரு வால்வு உண்டு. அது திறந்திருந்தால்தான் இரண்டின் காற்றும் ஒன்றாகச் சேரும்.

ஆயுத பூஜைக்கு எல்லா வால்வையும் மூடிக் கழுவிய கணவர், நடு வால்வுகளில் பெரிதாகச் சந்தனப் பொட்டு வைத்தார். மறுநாள் வீராம்பட்டினத்தில் படகேறியதும், என்னுடையதைத் திருகிப் பார்க்கப் போனேன்.

"கைய வைக்காதடி, பொட்டு அழிஞ்சிடும். அதெல்லாம் தொறந்துதான் இருக்குது" என்றார். நம்பினேன்.

கடலடியில், மீதிக் காற்றைக் காட்டும் மீட்டரின் முள் அசையவே இல்லை. சிக்கனமாக மூச்சு விடுகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். நடு வால்வு மூடியிருந்திருக்கிறது. மீட்டர் காட்டியது இடது சிலிண்டரை. நான் காலி செய்ததோ வலதை. திடீரென்று காற்று நின்றது. கணவரின் கையைப் பிடித்து, காற்று கேட்டுச் சைகை காட்டினேன். உதறிவிட்டு விலகிப் போனார். தவித்த விரல்களில், கழுத்தில் தொங்கிய இடது சிலிண்டரின் மவுத்பீஸ் தட்டுப்பட்டதால் பிழைத்தேன்.

மேலே வந்ததும், "இன்னாங்க, அப்படியே வுட்டுட்டுப் போயிட்டீங்களே?" என்றேன்.

"உனக்குக் குடுத்துட்டா எனக்கு இன்னாடி இருக்கும்?" என்றபடி டிபன் பாக்ஸைத் திறந்தார்.

பூஜைக்குப் பொட்டு வைப்பதை அவர் இன்னும் விடவில்லை. இறங்கும் முன் என் நடு வால்வை நானே திருகிப் பார்க்கிறேன். பொட்டு அழிந்தால் அழியட்டும். கூட வருபவருடையதையும் பார்ப்பதுதான் முறை. அவருடைய பொட்டை மட்டும் நான் அழிப்பதில்லை.