பூஜை மேசையில் ஒரு பாலிமர் துப்பாக்கி

போன சனிக்கிழமை செந்தில் வீட்டு சரஸ்வதி பூஜையில் மூன்று ஆண்கள் கையில் சுண்டல் கிண்ணத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அவர்கள் மிக்ஸியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"வெயிட்டே இல்லீங்க. பாடி ப்ளாஸ்டிக்குதான், ஆனா கீழ விழுந்தாக்கூட ஒண்ணும் ஆகாதுங்க."

"க்ளீன் பண்றது ரொம்ப ஈஸி பாஸ். பார்ட்ஸே கம்மி."

"அழுத்தறது கஷ்டம்னு ரிவ்யூல நெறைய பேர் போட்டிருக்காங்களே?"

"அது ஒண்ணுதாங்க குறை. நாலு வாட்டி அழுத்துனா வெரல் வலிக்குது. ஆனா இந்த வெலைக்கு இதுக்கு மேல என்னங்க எதிர்பார்க்க முடியும்?"

மிக்ஸி இல்லை. துப்பாக்கி.

முதலில் பேசியவர் செந்தில், கோயம்புத்தூர்க்காரர், பூஜை வீட்டுக்காரர். இரண்டாவது ஆனந்த், சென்னை. இருவரும் ஒரே மாடலை ஒரே நாளில், ஒரே தள்ளுபடியில் வாங்கியவர்கள். மூன்றாவது, வாங்குவதற்காக ஆன்லைன் கார்ட்டில் போட்டு வைத்திருந்தவர்... வேறு யார்? என் கணவர் பாஸ்கர்.

நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தவரை இந்தப் பேச்சே கிடையாது. அங்கே ஆண்கள் ஒன்றுசேர்ந்தால் கிரீன் கார்டு, ரயில் தாமதம், பள்ளிக்கூட ரேங்க். இரண்டு வருடத்துக்கு முன்னால் டாலஸ் பக்கம் வந்தோம். பக்கத்து காலனியில் ஒரு இந்தியர் வீட்டில் நகை திருடு போனது. அவ்வளவுதான், எங்கள் வட்டத்து ஆண்களுக்கு வீரம் வந்துவிட்டது. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் மனைவியைக் கூப்பிடுகிறவர்கள் இவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வீரம் வந்தாலும் பட்ஜெட்டை விட முடியுமா? ரைஸ் குக்கர் வாங்குகிற அதே முறைதான். முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு. பிறகு விலையை ஒப்பிட்டு ஒரு எக்செல் ஷீட். பிறகு முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதிய ரிவ்யூக்களை வரி விடாமல் வாசிப்பது. 'ட்ரிக்கரை இழுப்பது, துருப்பிடித்த ஸ்டேப்ளரை அழுத்துவது போல இருக்கிறது' என்று ஒருவர். 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்று இன்னொருவர்... புதுச் செருப்புக்குச் சொல்வது போல. எங்கள் ஆனந்தும் ஒரு ரிவ்யூ எழுதினார். கைப்பிடியின் சொரசொரப்புக்கு ஒரு முழுப் பத்தி. கடைசியில் ட்ரிக்கருக்காக ஒரு ஸ்டாரைக் குறைத்திருந்தார்.

சரி, பூஜைக்கு வருகிறேன்.

பஞ்சாங்கப்படி ஆயுத பூஜை அன்றைக்கு இல்லை. ஆனால் எங்கள் ஊரில் சாமிகளும் வீக்எண்டில்தான் வருவார்கள். செந்தில் வீட்டு ஹாலில் நீளமாக ஒரு மேசை. வந்த குடும்பங்களின் பொருள்கள் எல்லாம் அதன் மேல். லேப்டாப்புகள், கார் சாவிகள், செந்திலின் மனைவி கவிதாவின் எலக்ட்ரிக் குக்கர், என் மகள் மிதிலாவின் வயலினும் கணக்குப் புத்தகமும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வயலினுக்குப் பக்கத்தில் அந்தத் துப்பாக்கி. அதற்கும் சந்தனம், குங்குமம். மேலே ஒரு மஞ்சள் சாமந்தி.

சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"செந்தில், இதை எடுத்து உள்ள வெச்சிடுங்களேன். குழந்தைங்க சுத்திட்டிருக்காங்க."

"ஏனுங்க்கா, ஆயுத பூஜைக்கு ஆயுதத்த வெக்காம ஸ்க்ரூ ட்ரைவரையா வெப்பாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்கர் சிரித்தது தனியாகக் கேட்டது.

"மேகசீன கழட்டிட்டனுங்க்கா. காலிதான். அதுவுமில்லாம அந்த ட்ரிக்கர இழுக்க நானே முக்கோணும். கொழந்தைங்க எங்க இழுக்கறது?"

"பில்ட்-இன் சைல்ட் லாக்!" என்றார் ஆனந்த்.

"நீ எல்லாத்துக்கும் டென்ஷன் ஆகாதம்மா," என்றார் என் கணவர்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. நம் எல்லார் வீட்டிலும் இதுதான் சட்டம். இந்தச் சட்டத்தின் தயவில் சின்ன வயதில் ஒரு நாள் படிக்காமல் தப்பித்திருக்கிறோம். ஆனால் இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். வருடம் முழுக்க மாடி அலமாரியில், நம்பர் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் இருக்கும் துப்பாக்கி, அன்று இரவு முழுக்க ஹாலில் திறந்து கிடந்தது. மூன்று வயதுப் பையன் இருக்கிற வீட்டில். ஏன்? எடுத்தால் சாமி குத்தம்.

மறுநாள் காலை விஜயதசமிக்கு மறுபடி போனோம். காரில் மிதிலாவுக்கு விளக்கினேன். அவளுக்கு ஒன்பது வயது. தமிழில் சொன்னால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும்.

"நேத்து பூஜைல வெச்சது எல்லாத்தையும் இன்னிக்கு எடுத்து கொஞ்சமாவது யூஸ் பண்ணணும்டி. அப்பதான் சரஸ்வதி நல்லா படிப்பு குடுப்பா."

"எவ்ரிதிங் ஆன் தி டேபிள்?"

"ஆமா, எல்லாத்தையும்."

சொல்பேச்சுக் கேட்கும் குழந்தை. அதுதான் அன்றைக்குப் பயங்கரம்.

அவள் வயலினில் ஒரு கீர்த்தனை வாசித்தாள், ஒரு கணக்குப் போட்டாள். ஆண்கள் லேப்டாப்பைத் திறந்து ஆளுக்கு ஓர் இமெயில் அனுப்பினார்கள். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க. அதை வீடியோ எடுக்க ஆளுக்கு ஒரு போன் வேறு. கவிதா குக்கரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவள் பையன் கவின் தரையில் உட்கார்ந்து, தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதிக்கொண்டிருந்தான். நான் சர்க்கரைப் பொங்கல் எடுத்துவரப் போனேன். எவ்வளவு நேரம்? ஒரு கிண்ணம் நிறைக்கிற நேரம்.

திரும்பி வந்தபோது மேசை காலி.

மிதிலா துப்பாக்கியை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். இரண்டு கை விரல்களும் ட்ரிக்கரில். உதட்டைக் கடித்து, மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஜாம் பாட்டில் மூடியைத் திறக்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும். துப்பாக்கியின் முனைக்கு நேர் எதிரே கவின், தலை குனிந்து, அரிசியில் எழுதிக்கொண்டு.

"அங்கிள் ஃபர்காட் திஸ் ஒன். பட் அம்மா, இட்ஸ் ஸ்டக்."

கிண்ணம் எங்கே விழுந்தது என்று தெரியாது. அந்தத் தூரத்தை எப்படிக் கடந்தேன் என்றும் தெரியாது. அவள் கையைப் பிடித்து மேலே தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் கத்தியிருக்க வேண்டும். எல்லாரும் ஓடி வந்தார்கள்.

செந்தில் சிரித்துக்கொண்டேதான் என் கையிலிருந்து வாங்கினார்.

"அக்கா, எதுக்குங்க இப்படிப் பதறுறீங்க? காலிங்க. இங்க பாருங்க..."

காட்டுவதற்காகத் துப்பாக்கியின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தார்.

உள்ளேயிருந்து ஒரு தோட்டா தெறித்து வந்தது. கவினின் தட்டில், அவன் எழுதிய 'அ'வுக்குப் பக்கத்தில், அரிசியில் பாதி புதைந்து நின்றது. பித்தளை நிறம். பளபளவென்று அழகாகக்கூட இருந்தது. குழந்தை அதை எடுக்கக் கை நீட்டினான். கவிதா பாய்ந்து அவனைத் தூக்கிக்கொண்டாள்.

மேகசீன் என்பது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூடு. அதைக் கழற்றினாலும், ஏற்கெனவே குழலுக்குள் ஏறிவிட்ட தோட்டா அங்கேயேதான் இருக்கும். துப்பாக்கியோடு வந்த கையேட்டில் முதல் பக்கத்திலேயே, சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. பிறகு வாங்கிப் பார்த்தேன். கைப்பிடியின் சொரசொரப்பைப் பற்றி மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்தவர்களுக்கு அந்த ஒரு பக்கத்தைப் புரட்ட நேரம் இல்லை.

செந்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது ஆனந்த் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு விதத்துல பாத்தா... ட்ரிக்கர் ஹெவியா இருந்ததும் நல்லதாப் போச்சு. வேற மாடலா இருந்திருந்தா..."

நம்புங்கள், சொன்னார். அதோடு விட்டாரா? அன்று சாயங்காலமே போய் ரிவ்யூவைத் திருத்திவிட்டார். 'குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது' என்று ஒரு வரி சேர்த்து, குறைத்த ஸ்டாரையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். உலகத்தில் எங்கோ ஓர் அப்பா இந்நேரம் அதைப் படித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு, வாங்கும் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பார்.

"அது இந்த வீட்ல இருந்தா நானும் என் பையனும் இருக்க மாட்டோம்," என்று கவிதா சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை செந்தில் அதைக் கடைக்கு எடுத்துப் போனார். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். பத்து ஜோடி ஷூ வாங்கி ஒன்பதைத் திருப்பி அனுப்புகிற மனிதர், ரிட்டர்ன் பாலிசி பார்க்காமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான். கடைசியில் வந்த விலைக்கு விற்றுவிட்டு வந்தார்.

என் வீட்டில்? "எடுத்துட்டேன்மா" என்றார் பாஸ்கர். கார்ட்டைத் திறந்து பார்த்தேன். 'சேவ் ஃபார் லேட்டர்' பகுதிக்கு நகர்த்தியிருந்தார். பக்கத்தில் நின்று அதையும் எடுக்க வைத்தேன்.

மிதிலாவை நான் திட்டவில்லை. எதற்குத் திட்டுவது? அம்மா சொன்னதைச் செய்தாள். "டிட் ஐ டூ இட் ராங்?" என்று ராத்திரி கேட்டாள். இல்லை என்றேன். இனிமேல் எங்கே இதைப் பார்த்தாலும் தொடாதே, அந்த இடத்தை விட்டு வெளியே வந்து பெரியவர்களைக் கூப்பிடு என்றேன். பெரியவர்கள் என்று சொல்லும்போது எனக்கே குரல் இறங்கிவிட்டது.

இப்போது ஒரு புதுப் பழக்கம் வைத்திருக்கிறேன். அவளை ஒரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன்பு ஒரு கேள்வி கேட்கிறேன். நாய் இருக்கிறதா, கேக்கில் நட்ஸ் உண்டா என்றெல்லாம் கேட்கிறோமே, அதோடு இதையும் சேர்த்து: வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால் எங்கே, பூட்டியிருக்கிறதா?

எதிர் வீட்டு அமெரிக்கப் பெண்மணி அசரவில்லை. இருக்கிறது, பூட்டியிருக்கிறது, தோட்டா வேறு பெட்டியில், கேட்டதற்கு நன்றி என்றார்.

நம்மவர்கள்தான் கோபித்துக்கொள்கிறார்கள். நேற்று ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கூப்பிட்ட தோழிக்குப் போனிலேயே குரல் மாறிவிட்டது.

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? எங்களைப் பாத்தா துப்பாக்கி வெச்சிருக்கறவங்க மாதிரியா தெரியுது?"

தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.