பொய்யாம்பட்டியின் இரண்டு மனுக்கள்

குடுமியான்மலைக்குத் தெற்கே பதினோரு ஊர்களுக்குத் தபால் சுமந்தவர் ஆவுடையப்பன். கடுதாசியைக் கையில் கொடுத்துவிட்டு உடனே நகர மாட்டார். "ஏங்க, ஒங்க ஊருக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. சிலர் மோர் கொடுத்து உட்காரவைத்துச் சொல்வார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்; அவர்களிடம் அடுத்த வாரமும் கேட்பார். எருக்கு மண்டிய திடல் எருக்கம்பட்டி ஆனதும், ஏழு கிடா வெட்டி எல்லைச் சண்டையைத் தீர்த்த இடம் ஏழுகிடாப்பட்டி ஆனதும் அவருக்கு மனப்பாடம்.

சொந்த ஊர்ப் பேருக்குத்தான் காரணம் தெரியவில்லை. அவர் பிறந்தது பொய்யாம்பட்டி. அந்தப் பேரால் ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. சந்தையில் மாட்டின் வயதுக்கு நாலு பல் என்று சொன்னால், "எந்த ஊர்ப் பல்லு?" என்று சிரிப்பார்கள். பெண் பார்க்கப் போன அன்று அமிர்தவல்லி கதவுக்குப் பின்னாலிருந்து, "மாப்பிள்ளை ஊரைச் சொல்லிட்டாரு. இனிமே சொல்றதுல எதை நம்புறது?" என்றாள். அந்தக் குறும்புக்காகவே அவளைக் கட்டிக்கொண்டார்.

ஊர் அம்பலகாரர் உடையப்பனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போன இடத்தில், ஊர்ப் பேரைக் கேட்டதுமே எதிர்த்தரப்பு வக்கீல் கைகொட்டிச் சிரித்துவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும், அதற்குள் ஊரைச் 'சத்தியபுரம்' ஆக்க வேண்டும் என்று சமஸ்தானத்துக்கு மனு எழுதினார். ஊரே கைநாட்டு வைத்தது. ஆவுடையப்பனும் கையெழுத்துப் போட்டு, உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். என்னவோ பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

நாலு மைல் தள்ளிக் குயவர் தெருவில் முத்துமாரியம்மாளுக்குப் பினாங்கிலிருந்து மகன் கடுதாசி. படித்துக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றாள்.

"பொய்யாம்பட்டிங்க."

"அட, பொய்யாக் கம்மா ஊரா! தாது வருசப் பஞ்சத்துல சுத்துப்பட்டுக் கம்மாயெல்லாம் வறண்டுபோச்சாம். அது ஒண்ணுதான் பொய்க்கலையாம். அங்கிட்டுப் போயித் தண்ணி மோந்து பொழைச்சோம்னு எங்க ஆத்தா சொல்லும்."

அந்தக் கண்மாய்க் கரையில் அய்யனார் கோயில் எழுந்தபின் அதை அய்யனார் கண்மாய் என்றே அழைத்துப் பழகிய ஊருக்கு, பழைய பேர் மறந்தே போயிருந்தது. ஆவுடையப்பன் வந்த வழியே ஓடினார்.

அம்பலகாரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எழுத்துல இருக்கா?" என்றார்.

"இல்லைங்க. ஒரு பொம்பள வாய்ச்சொல்லுதான். ஆனா, ஒங்க காலத்துல அந்தக் கம்மா வறண்டு பாத்திருக்கீங்களா?"

அம்பலகாரர் இல்லையென்று தலையாட்டினார். "அந்த மனுவை எடுடா, கிழிச்சுப்புடுவோம்."

"தபால் பைக்குள்ள போட்டது எங் கையில இல்லைங்க. அது போயித்தான் ஆகணும்."

அம்பலகாரர் முறைத்தார். ஆவுடையப்பன் பையை இறுக்கிக்கொண்டார். வேறு வழியில்லாமல், பழைய பேரே வேண்டும் என்று இரண்டாவது மனு தயாரானது. இரண்டும் ஒரே பையில் போயின.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே நாளில் ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு மனுக்கள் வந்திருப்பதால் எதையும் ஏற்பதற்கில்லையாம். இருக்கிற பேரே இருக்குமாம். அம்பலகாரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

கணக்கெடுக்க வந்த குமாஸ்தா வீட்டு வாசலில் நின்று ஊர்ப் பேர் கேட்டபோது, ஆவுடையப்பன் தாது வருசத்திலிருந்து தொடங்கினார். குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"ஐயா, இதை எழுத எங்கிட்டக் கட்டம் இல்லையே."

"எழுத வேண்டாங்க, கேட்டுக்கிட்டாப் போதும்" என்றாள் அமிர்தவல்லி. "முடிய நேரமாகும். சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க." இலையைப் போட்டாள்.