ராமாமணியின் கறுத்த திரை

பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டின் முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கும் ராமாமணி, யாரையும் சட்டென்று நம்பிவிடுபவள் அல்ல. எட்டாவதோடு பள்ளியை விட்டவள். பேச வராது, பார்க்க வரும். ஆறு வருடமாகக் கணினியில் அவளே வரைந்த நானூறு ஜாக்கெட் டிசைன்கள்தான் அவள் பிழைப்பு. அந்தக் கணினிப் பெட்டியைத் தவிர அவை வேறெங்கும் இல்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து திரை விட்டுவிட்டுக் கறுத்தது. பூஜைக்கு நாலு நாள் முன்புதான் மெக்கானிக் கதிரேசன் வந்து எதையோ சரிசெய்துவிட்டுப் போயிருந்தார். மறுபடி கூப்பிடட்டும் என்று உள்ளே ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். ஆனாலும் வேறு ஆளைத் தெரியாததால் அவரையே கூப்பிட்டாள்.

"விண்டோஸ் கெட்டுப்போச்சுங்க அம்மணி. புதுசாப் போட்டுறலாம்."

"டிசைனெல்லாம்?"

"அது வேற டிரைவ்ல இருக்குதுங்க. தொடமாட்டேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பாதி ஏறியதும் திரை கறுத்தது. மறுபடி தொடங்கினார், மறுபடி கறுத்தது. தன் வண்டியிலிருந்து வேறு மானிட்டரும் கேபிளும் கொண்டுவந்து மாட்டினார். அதுவும் கறுத்தது.

"டிஸ்ப்ளே கார்டு போயிருச்சாட்ட இருக்குதுங்க. பெட்டியக் கடைக்குக் கொண்டுபோயிப் பாத்துட்டு நாளைக்குக் கொண்டாறேன்."

இதற்குத்தான் இத்தனை சுற்றா என்று நினைத்துக்கொண்டாள். "ஊட்ட உட்டு அது போகாதுங்ண்ணா."

"நானென்ன தூக்கிட்டு ஓடவா போறேன்?"

"ஓடமாட்டீங்க. வண்டி இருக்குதல்லங்க."

கதிரேசன் சிரிக்கவில்லை. பெட்டியைத் திருப்பிச் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். கேபிள் சொருகும் துளைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. ஊசிமுனையால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, பூஜையன்னைக்கு இதுக்குள்ளயுமா சந்தனம் வெச்சீங்க?"

அவளுக்குக் காது சூடானது. அன்று வயர்களையெல்லாம் கழற்றித் துடைத்து, மெஷின், கத்தரி, பெட்டியின் ஒவ்வொரு துளை என்று பொட்டு வைத்திருந்தாள்.

"ஒண்ணையும் உடக்கூடாதுன்னு வெச்சுப்போட்டேனுங்க."

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் கேபிளை மாட்டினார். திரை கறுக்காமல் நின்றது. விண்டோஸ் கடைசிவரை ஏறியது.

"மொதல்லயே பின்னாடி பாத்திருக்கோணும். விண்டோஸ் மேல தப்பில்லீங்க."

அவர் மேலும் தப்பில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம்.

அவர் பையைத் தோளில் போட்டபோது "இருங்க" என்றாள். டிசைன்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நூறைத் தாண்டியபோது கதிரேசன் பையைக் கீழே வைத்தார். இருநூறில் உட்கார்ந்துவிட்டார். கடைசிப் படமும் முழுசாகத் திறந்த பிறகுதான் ராமாமணிக்கு மூச்சு வந்தது.

"இதையெல்லாம் ஒரு பென் டிரைவ்லயும் ஏத்திக் குடுங்கண்ணா," என்றாள் அவர் முகத்தைப் பார்க்காமல். "நான் இங்கதான் நிப்பேன்."