பாலம் திரும்பி நின்ற வெள்ளிக்கிழமை

எங்கள் ஊர்ப் பழைய இரும்புப் பாலம் நடுத்தூணின் மேல் சுழலக்கூடியது. கடல் நீர் ஏறி ஆறு நிரம்பும்போது, பெரிய படகுகளுக்கு வழிவிட அதைத் திருப்பி நிறுத்துவார்கள். ஜொகூர்க் கரையோரம் போகும் பிரதான சாலை அப்படியே அறுந்து நிற்கும். வெளியூர்க்காரர்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள், நாங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்து முணுமுணுப்போம்.

மகளுக்கு வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி அக்கரையில். மருமகன் தொலைவில் தெப்ரா டவுனில் வேலைக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது, நான்தான் கார் ஓட்ட வேண்டும். சாவியை எடுத்தால், அவர் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"ராகு காலம் முடியட்டும்மா. பன்னெண்டு மணிக்குக் கெளம்பலாம்."

"வலி என்ன காலண்டர் பாத்தா வருது?" என்று கத்தினேன்.

"விடுங்கம்மா, தாங்கிக்கிறேன் லா," என்றாள் மகள். அப்பா செல்லம், வேறென்ன சொல்வாள்!

பன்னிரண்டுக்குக் கிளம்பினோம். போனால், சாலையில் தடுப்பு இறங்கியிருக்கிறது. பாலம் ஆற்றின் போக்கில் திரும்பி நிற்கிறது. அலமாக்! பின்சீட்டில் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "இதான் ஒங்க நல்ல நேரமா? போங்க, ஆத்துல எறங்கி நடங்க!" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் இறங்கி ஓடினார். பாலத்தை இயக்கும் மலாய்க்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டார். படகு பாதி வழியில் இருந்தது, அது கடக்காமல் அந்த மனிதரால் என்ன செய்ய முடியும்? பிறகு எங்களுக்கு முன்னால் நின்ற ஒவ்வொரு லாரியின் கதவையும் தட்டிக் கெஞ்சினார். லாரிகள் ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கின. பாலம் பழையபடி பொருந்தித் தடுப்பு ஏறியபோது எங்கள் கார்தான் முதலில் நின்றது.

மூச்சிரைக்க வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தவர் தேம்பித் தேம்பி அழுதார்.

"அழாதீங்கப்பா. எனக்கு ஒன்னும் ஆகாது," என்றாள் அவள், அவ்வளவு வலியிலும்.

சாயங்காலம் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது என் வீட்டுக்காரர் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"நீ வாங்கிக்கம்மா. நான் தொட மாட்டேன். என்னால ஏதாச்சும் ஆயிருந்தா..."

காலையிலிருந்து திட்டித் தீர்த்த எனக்கு மனசு கரைந்துவிட்டது. பிள்ளையை வாங்கி அவர் மார்போடு சேர்த்து வைத்தேன்.

"புடிங்க. ஒங்க பேத்தி."

அவர் இரு கைகளாலும் மெல்ல ஏந்திக்கொண்டார். அடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.